ஆற்றுப்படையும் சுற்றுலாக் கட்டுரையும்

தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் தவறாது எழுதப்படும் கட்டுரைகளுள் 'நான் சென்ற கல்விச் சுற்றுலா' என்பது ஒன்று. அதனை எழுதாத மாணவனும் இல்லை. திருத்தாத ஆசிரியரும் இல்லை. ஆயினும் அதனை ஓர் எழுத்து வகையாகக் கருதி, அதன் நிறை குறைகளை ஆராய்வது நம்மிடையே வழக்கமில்லை. பிள்ளைகள் எழுதுவதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். நம் மக்களுள் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் எழுதும் பயண இலக்கியம் இந்த ஒரு கட்டுரைதான். பத்து, பதினொரு வயதில் ஒரு நகரத்தை எவ்வாறு காணப் பழகுகிறார்களோ, அவ்வாறே ஐம்பது வயதிலும் காண்கிறார்கள்.

அக்கட்டுரையின் அமைப்பை ஆசிரியர்கள் நன்கு அறிவர். காலை மணி 7.00க்குப் பேருந்து புறப்படும். வழி நெடுகிலும் இயற்கைக் காட்சிகள் கண்களுக்கு விருந்தளிக்கும். முதலில் ஓர் இடம். அதன் அழகு கண்டு மாணவர் வியப்பில் ஆழ்வர். அடுத்து ஓர் இடம். அங்கும் வியப்பில் ஆழ்வர். நண்பகலில் கட்டுச்சோறு. மாலையில் களைப்புடனும் மகிழ்ச்சியுடனும் இல்லம் திரும்புவர். 'அச்சுற்றுலா என் மனத்தில் பசுமரத்தாணி போல் பதிந்தது' என்று முடியும். பதிந்தது எது என்பது மட்டும் கட்டுரையில் எங்கும் இராது.

செம்பனைத் தோட்டத்திற் பிறந்து, செம்பனைத் தோட்டங்களின் ஊடே ஒன்றரை மணி நேரம் பயணம் செய்யும் பிள்ளைக்கு எந்த இயற்கைக் காட்சி விருந்தளித்தது என்று யானும் பல ஆண்டுகள் கேட்டதில்லை. அந்தத் தொடருக்குச் சரியென்று குறியிட்டு அடுத்த ஏட்டுக்குப் போய்விடுவேன்.

பிழை பிள்ளைகளுடையதன்று. யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்த காலத்தில் மாதிரிக் கட்டுரைகளை நாமே எழுதிக் கொடுத்து மனனம் செய்வித்தோம். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. கட்டுரை கைவிடப்படவில்லை. அதற்கு வாய்த்த அண்ணன் ஒருவனும் இருக்கிறான்: சுற்றுலாக் கையேடு. கையேட்டில் கட்டப்பட்ட ஆண்டு ஒன்று இருக்கும். 'விக்டோரியா பாணி', 'மூரியப் பாணி' என ஏதேனும் ஒரு பாணியின் பெயர் இருக்கும். 'கண்கவர்', 'கம்பீரமான' என்னும் அடைகள் இருக்கும். பிள்ளையின் வியப்பும் கையேட்டின் அடைமொழியும் ஒரே தொழிலைச் செய்கின்றன. பார்த்தது என்ன என்று கேட்போரின் வாயை அடைக்கின்றன.

இதற்கு நாம் பிறமொழியில் மாற்றுத் தேடவேண்டுவதில்லை. ஒரு நகருக்குப் போகிறவனுக்கு அந்நகரைப் பற்றி என்ன சொல்லவேண்டும் என்பதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரை வழிப்படுத்தும் ஆற்றுப்படையைத் தொல்காப்பியர் புறத்திணையியலிற் குறிக்கிறார். பத்துப்பாட்டுள் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். வளம் பெற்று வருகிறவன் ஒருவன், வறுமையோடு எதிரே வருகிறவனுக்கு வழி சொல்லுகிறான். சொல்லுகிறவன் போய்வந்தவன். கேட்கிறவன் பசித்தவன். ஆதலால் அங்கே வெற்று வியப்புக்கு இடமில்லை.

மலைபடுகடாத்தைப் பாருங்கள். நன்னனிடம் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் வழியின் அழகை மட்டுமா சொல்லுகிறார்? பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், எந்தப் பாறை வழுக்கும், பாம்பு உறையும் குழி எது, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் வீடுகளைக் காட்டும் முறை கட்டடக்கலை பற்றி எழுதும் எவர்க்கும் பாடமாகத் தக்கது. எயினர் குடிசை ஈந்திலையால் வேயப்பட்டது என்பார். உடனே அந்தக் கூரையின் கீழ் யார் இருக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுவார். கூரையைச் சொல்லி, கூரைக்குள் இருப்பவரை விட்டுவிடும் வழக்கம் அவரிடம் இல்லை.

அவரே பாடிய பட்டினப்பாலை ஆற்றுப்படையன்று. எனினும் ஒரு துறைமுக நகரைக் காட்டும் வகையில் அதற்கு ஈடு சொல்வது அரிது. மாளிகைகளோடு நில்லாமல், பண்டசாலை முற்றத்தில் மலைபோற் குவிந்த பொருள்களையும், அவற்றில் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொள்வோரையும், முழுமதி நாளில் கடலுக்குப் போகாமல் சுறாவின் கொம்பை நட்டு வழிபடும் பரதவரையும் காட்டுகிறார். எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று வரிசையாகச் சொல்லுகிறார். அவ்வரிசையில் காழகம் என்று ஒரு பெயர் வருகிறது; அதற்குக் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். நாம் வாழும் இத்தீபகற்பத்துப் பண்டம் காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் கிடந்தது என்பது உரையாசிரியர் கருத்து. நகரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் நகரைப் பாட முடியாது என அப்புலவர் எண்ணியிருக்கவேண்டும்.

இவை எல்லாம் மன்னரைப் புகழ்ந்து பரிசில் பெறுவதற்காகப் பாடப்பட்டவை அல்லவா என்று ஒருவர் தடை எழுப்பலாம். உண்மைதான். கரிகாலனும் நன்னனும் நாள்தோறும் இப்படி வாரி வழங்கினர் என்று நம்பவேண்டும் என யான் சொல்லவில்லை. ஆனால் பரிசிலுக்குப் பாடிய புலவன் கூடப் பரதவரை மறக்கவில்லை. எந்தப் பரிசிலும் எதிர்பாராத நம் மாணவன் ஏன் மறக்கிறான்?

இனி, இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு நம் ஜோகூர் பாரு நகரைச் சுற்றி வருவோம். 1855இல் தெமெங்கோங் டாயேங் இப்ராகிம் தஞ்சோங் புத்திரியில் நிறுவிய ஊர் இது. 1866இல் அவர் மகன் அபூபக்கர் இதற்கு ஜோகூர் பாரு என்று பெயரிட்டார். அதே ஆண்டில் அவர் எழுப்பிய பெரிய அரண்மனை, இஸ்தானா பெசார், நீரிணையை நோக்கி நிற்கிறது. 1990இல் அது அரச அபூபக்கர் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இடையே பழுதுபார்ப்புக்காக நெடுங்காலம் மூடப்பட்டதும் உண்டு. ஆகையால் அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பேருந்தை ஏற்பாடு செய்வது நலம்.

அருங்காட்சியகம் என்று எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குகள் இருந்த இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். கற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பர். ஆனால் பொருள் இருக்கிறது, அதைப் பயன்படுத்தியவர் இல்லை என்னும் நிலையை இதைவிடச் சுருக்கமாக எந்தத் திறனாய்வாளர் சொல்லிவிட்டார்?

அரண்மனைக்குள் ஆட்சியாளரின் அரியணையும் ஆடையணிகளும் பிற நாட்டார் தந்த பரிசுப் பொருள்களும் காட்சிக்கு வைக்கப்பட்டவை. அவை செல்வத்தைக் காட்டும். செல்வம் வந்த வழியைக் காட்டமாட்டா. அரண்மனையிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையாகாது. அதற்கு விடை நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. ஜாலான் இப்ராகிமில் 2009இல் திறக்கப்பட்ட சீன மரபுடைமை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அரண்மனையில் எழுந்த வினாவுக்கு அங்கே விடை கிடைக்கும்.

கம்பீர், மிளகு என்னும் இரண்டு பயிர்களே அந்த விடை. கம்பீர் என்பது ஒரு கொடிப்புதர். அதன் இலைகளைப் பெரிய சட்டிகளிற் காய்ச்சி எடுக்கும் சாறு கட்டியாகும். தோல் பதனிடுவோர்க்கு அது இன்றியமையாதது. வெற்றிலையோடு மெல்லுவோரும் உண்டு. காய்ச்சிய பின் எஞ்சும் இலைச்சக்கை மிளகுக் கொடிக்கு உரமாகும். எனவே இரண்டையும் ஒரே தோட்டத்தில் வைப்பார்கள். அடுப்பெரிக்கக் காடு வேண்டும். காடு தீர்ந்து மண்ணும் சோர்ந்துவிட்டால் வேறோர் ஆற்றங்கரைக்குப் பெயர்வார்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு சீனத் தலைவர். அவருக்குக் 'காங்சூ' என்று பெயர். ஆட்சியாளர் அவருக்கு 'சூராட் சூஙாய்' என்னும் ஆற்று உரிமைச் சாசனம் கொடுப்பார். இந்த முறை 1917இல் ஒழிக்கப்படும்வரை ஜோகூரின் காடுகளைத் திறந்தது இதுவே. அரண்மனையின் தூண்களைத் தாங்கும் மண்ணுக்குக் கீழே கம்பீர்ச் சட்டியின் புகை இருக்கிறது என்பதைப் பதினொரு வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்ளும். யான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த அருங்காட்சியகத்தை யான் பாராட்டுவது அதன் பொருள்களுக்காக அன்று. கூலியாக வந்தவன் எதை உண்டான், எந்தக் கருவியைப் பிடித்தான், எந்தச் சங்கத்தில் சேர்ந்தான் என்று சொல்ல அச்சமூகத்தார் நாணவில்லை. ஜாலான் துருசில் உள்ள பழைய சீனக் கோயிலையும் இதனோடு சேர்த்துக் காணவேண்டும். 19ஆம் நூற்றாண்டுக் கோயில் அது. தியோச்சு, ஹொக்கியன், கண்டனீசு, ஹக்கா, ஹைனான் என்னும் ஐந்து வழக்கினரும் ஒரே கூரையின்கீழ் ஐந்து தெய்வங்களை வைத்திருக்கின்றனர். கட்டடம் சிறியது, ஓட்டுக் கூரை தாழ்ந்தது. வியப்பில் ஆழ்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வேறுவேறு வழக்குப் பேசியவர்கள் ஓர் ஊரில் எப்படிக் கூடி வாழ முடிவு செய்தார்கள் என்பது அங்கே எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது.

நீரிணையை நோக்கிய மேட்டில் நிற்கும் சுல்தான் அபூபக்கர் பள்ளிவாசலே இந்நகரத்துக் கட்டடங்களுள் தலையாயது என்பது என் துணிபு. 1892இல் பணி தொடங்கி 1900இல் முடிவுற்றது. தொடங்கிவைத்த சுல்தான் 1895இல் இலண்டனிற் காலமானார். அவர் மகன் சுல்தான் இப்ராகிம் காலத்தில் திறக்கப்பட்டது. வரைந்தவர் துவான் ஹாஜி முகமது அரிப் பின் புனாக் என்னும் மலாய்க்காரர். இதன் பாங்கொலிக் கோபுரங்களைக் காண்போர், இங்கிலாந்து நாட்டு மணிக்கூண்டு இங்கே எப்படி வந்தது என்று திகைப்பர். கையேடுகள் 'விக்டோரியா பாணி' என்று சொல்லி அதோடு விட்டுவிடுகின்றன. ஏன் அந்தப் பாணி என்பதன்றோ வினா?

பள்ளிவாசலுக்குப் பணி தொடங்கிய அதே 1892இல் சென்னையில் உயர்நீதிமன்றக் கட்டடம் முடிவுற்றது. அது இந்தோ சாரசெனிக் பாணி. குமிழ்க் கோபுரங்களும் வளைவுகளும் உடையது. சென்னையில் ஆங்கிலேயன், ஆளப்படுவோருடைய உருவை எடுத்துத் தன் நீதிமன்றத்துக்கு அணிவிக்கிறான்: 'யான் இந்நாட்டு ஆட்சிக்கு உரிய வாரிசு' என்பது அதன் பொருள். ஜோகூரில் ஒரு மலாய் அரசர் ஆங்கிலேயனுடைய உருவை எடுத்துத் தம் பள்ளிவாசலுக்கு அணிவிக்கிறார். பேராவும் சிலாங்கூரும் பாகாங்கும் ஒவ்வொன்றாக ஆங்கிலேய ரெசிடெண்டின் கைக்குள் போய்க்கொண்டிருந்த காலம் அது. அபூபக்கர் ஐரோப்பாவுக்குப் பலமுறை சென்றவர். 1885இல் ஆங்கில அரசோடு உடன்படிக்கை செய்து சுல்தான் என்னும் பட்டத்தை நிலைநாட்டியவர். 'உங்கள் மொழியில் உங்களோடு சமமாய்ப் பேச எனக்குத் தெரியும்' என்று அந்தக் கோபுரங்கள் நீரிணைக்கு அப்பால் இருந்த சிங்கப்பூரை நோக்கிச் சொல்வதாகவே யான் படிக்கிறேன். அவர் வாழ்ந்தவரை ஜோகூருக்கு ஆங்கிலேய அதிகாரி வரவில்லை. ஆலோசகருக்கு முழு அதிகாரம் தந்த உடன்படிக்கை 1914இல்தான் ஏற்பட்டது. இது கட்டடத்தைப் பற்றிய என் உரை, மறுப்போர் மறுக்கலாம். மறுப்பதற்கேனும் கட்டடத்தைச் சற்று நேரம் நின்று பார்க்கவேண்டி வரும்.

புக்கிட் திம்பாலானில் உள்ள சுல்தான் இப்ராகிம் கட்டடத்தை யான் அவ்வளவாக விரும்புவதில்லை. பாமர் அண்டு டர்னர் என்னும் கட்டடக்கலை நிறுவனம் வரைந்தது; 1936இல் தொடங்கி 1940இல் முடிந்தது. நடுக்கோபுரம் ஏறத்தாழ 64 மீட்டர் உயரம். கோட்டை போன்ற சுவரும் இறுக்கமான முகமும், உள்ளே வருகிறவனை வரவேற்பதைவிட எடைபோடுவதில் நாட்டமுடையவை. நெடுங்காலம் ஜோகூர் அரசின் செயலகம் இங்கிருந்தது. பின்னர்க் கோத்தா இஸ்கந்தருக்கு மாறியது. 1942இல் ஜப்பானியர்க்குச் சிங்கப்பூரை நோக்கும் உயரமும் ஆயிற்று.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு மிகுதியாகச் சொல்லவேண்டிய கட்டடம் இதுவே. கம்பீர்க் காலம் முடிந்து இரப்பர்க் காலம் வந்ததன் சின்னம் இது. இதன் சுவர் எழும்பிய ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களில் ஆண்களின் நாட்கூலி 50 காசை எட்டுவதும் 45 காசுக்கு இறங்குவதுமாக இருந்தது. அந்தக் குறைப்பை ஒட்டியே 1938இல் இந்திய அரசு கூலியாட்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதைத் தடைசெய்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1930ஐ ஒட்டிய விலைவீழ்ச்சியில், பல்லாயிரம் பாட்டாளிகள் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். கருங்கல்லில் இந்தக் கணக்கு பொறிக்கப்படவில்லை. கட்டடம் கட்டியவர்கள் அதைப் பொறிக்கக் கடமைப்பட்டவர்களும் அல்லர். கணக்கைச் சொல்லவேண்டியவர் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர்.

இரப்பர் இந்நகருக்கு வந்த வழி இருப்புப்பாதை. ஜோகூரின் ஊடே செல்லும் பாதை 1909இல் முடிவுற்றது. அங்கிருந்து நீரிணையைத் தோணியிற் கடந்தனர். 1919இல் தொடங்கிய கடற்பாலப் பணிக்குப் புலாவ் ஊபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கருங்கல் வந்தது. 1923இல் சரக்கு வண்டி ஓடியது. 1924 ஜூனில் முறைப்படி திறந்தனர். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய படையினர் அதை உடைத்தனர். பழைய தொடருந்து நிலையம் 2010இல் ஓய்வு பெற்றது. பக்கத்தில் ஜேபி சென்ட்ரல் எழுந்தது. பழைய நிலையத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் தண்டவாளத்தைக் கண்டு, "ஐயா, இது நம்ம ஸ்கூல் மணி" என்றான். உண்மைதான். எங்கள் பள்ளியின் மணி கயிற்றில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. முன்பு பெரட்டுக் களத்தில் விடியற்காலை அடிக்கப்பட்டது. தோட்டம் செம்பனைக்கு மாறியபின் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. பல தோட்டங்களில் இவ்வாறே. அன்று அந்த மாணவன் சொன்னது எந்த மாதிரிக் கட்டுரையிலும் இல்லாத தொடர்.

தெப்ராவ் சாலை அருகே இருப்புப்பாதையை ஒட்டியுள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது. இன்று வெளிநாட்டார் மிகுதியாக வருவது அங்கேதான். 1922இல் சிறு குடிலாகத் தொடங்கியது. பின்னர்ப் புதுப்பித்துக் கட்டினர். உள்ளும் புறமும் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து 2009இல் திறந்தனர். பல வண்ணத்தில் ஏறத்தாழ 3,00,000 துண்டுகள் என்பர். சுவரில் உருத்திராக்க மணிகள் பதித்த கருவறையும் உண்டு.

முதன்முறை கண்டபோது எனக்கு அது பிடிக்கவில்லை. தமிழகக் கோயிற் கட்டடத்துக்கு அதிட்டானம், பித்தி, பிரத்தரம், கிரீவம், சிகரம், தூபி என்று ஓர் உடலமைப்பு உண்டு. அடி கனத்து, மேலே போகப்போக நுணுகிச் செல்வது அதன் நெறி. கண்ணாடி அந்த உடலை மறைத்துவிடுகிறது. எது தாங்குகிறது, எது தாங்கப்படுகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லாம் ஒரே மினுக்கமாய் இருக்கிறது. கல்லுக்கு நிழல் உண்டு. நிழல் இல்லாத இடத்திற் சிற்பமும் இல்லை. இந்தக் குறையை இன்றும் யான் விடவில்லை.

ஆயின் ஒருமுறை என்னோடு வந்த பழைய தோட்டப் பெரியவர் ஒருவர் வேறுவிதமாகச் சொன்னார். அவர் பால்மரம் வெட்டியவர். இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் பட்டையைச் சீவி, இருட்டிய பின் லயத்துக்குத் திரும்பி மீண்டும் மண்ணெண்ணெய் விளக்கில் உண்டவர். "வாத்தியாரே, ஆத்தா இருட்டுல இருந்தது போதும்னு நெனச்சிருப்பாங்க" என்றார். அவர் திறனாய்வு அவ்வளவே. சிற்ப நூலை வைத்து யான் கண்ட குறை தவறாகிவிடவில்லை. ஆனால் அதனோடு இதையும் வைத்துக்கொள்ளவேண்டி வந்தது. எயினர் குடிசைக்கு ஈந்திலை எப்படி அவர்கள் வாழ்வின் விளைவோ, அப்படியே இந்தக் கண்ணாடியும் ஒரு வாழ்வின் விளைவு.

என் மனக்குறை வேறு. மினுக்கத்தின் நடுவே நின்று, 1922இல் இங்கிருந்த குடிலைக் கண்முன் கொண்டுவர முயன்றேன், இயலவில்லை. இது இந்த ஒரு கோயிலுக்கு மட்டும் உரிய குறையன்று. நம்மவர் கட்டும்போது பழையதை இடித்துவிட்டே கட்டுகிறார்கள். குடமுழுக்குக்குக் குடமுழுக்குச் சுதைகள் மாறும். பழைய சுதை குப்பைக்குப் போகும். எங்கள் பள்ளிக்குப் புதிய கட்டடம் வந்தபோது பழைய வருகைப் பதிவேடுகளை எரித்தோம். கறையான் என்று காரணம் சொன்னோம். எந்தப் பிள்ளை எந்த மாதம் பள்ளியை விட்டு நின்று பால்மரம் வெட்டப் போயிற்று என்பது அந்த ஏடுகளில் இருந்தது. ஜாலான் இப்ராகிமில் கம்பீர்ச் சட்டியைப் பற்றிப் படித்துவிட்டு வந்த பிறகுதான் யான் எரித்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது. கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 2015இல் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தார்கள். அது போன்ற நிலையத்துக்குப் பொருள் கொடுக்க வேண்டுமானால், கொடுக்கப் பொருள் இருக்கவேண்டும் அல்லவா? கட்டடம் எழுப்பப் பணம் திரட்டலாம். உளியையும் மங்கையும் பெரட்டுப் புத்தகத்தையும் பணம் கொடுத்து உண்டாக்க முடியாது.

மீண்டும் கட்டுரை ஏட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டில் பயின்ற ஒரு பெண் இந்தச் சுற்றுலாவைப் பற்றி எழுதினாள். பேருந்து புறப்பட்ட மணி இல்லை, இயற்கைக் காட்சி இல்லை, வியப்பும் இல்லை. ஒரு காட்சிக்கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "எந்தத் தோட்டத்துப் பிள்ளைம்மா நீ?" என்று அவளைக் கேட்டாராம். பாட்டி முன்பு இருந்த தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டதாம். கண்ணாடிப் பெட்டிகளை நாள்தோறும் துடைப்பதால் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாட்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடியுமாம். ஆனால் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதாம். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் படித்து, மலாயிலிருந்து தமிழிற் சொன்னாளாம். மூன்று பெட்டி முடிவதற்குள் ஆசிரியர் கூப்பிட்டுவிட்டாராம்.

கூப்பிட்ட ஆசிரியர் யான்தான். கட்டுரையைத் திருத்தியவனும் யான்தான். 'தலைப்பிலிருந்து விலகல்' என்று சிவப்பு மையில் எழுதி, 30க்கு 12 புள்ளி கொடுத்தேன். ஆற்றுப்படை இலக்கணத்தைப் பயிற்சிக் கல்லூரியில் படித்து, தேர்வில் அடி பிறழாமல் எழுதியவன் யான். போய்வந்தவர் ஒருவர் எதிர்ப்பட்டவருக்கு வழி சொல்லுவதே அதன் இலக்கணம் என்று அறிந்தவன். அப்படி ஒன்று என் மேசைக்கு வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

ஜோகூர் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவற்றிலிருந்து பேருந்து இந்நகரை நோக்கிப் புறப்படுகிறது. ஆசிரிய நண்பர்கள் மாதிரிக் கட்டுரையை ஓராண்டு அலமாரியிலேயே விட்டுவிட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தால் போதும். இதைக் கட்டிய செல்வம் எந்தப் பயிரிலிருந்து வந்தது? வரைந்தவரும் சுமந்தவரும் யார் யார்? இன்று இதைத் துடைப்பவர் யார்? மூன்றாவதற்கு விடை காண, பிள்ளைகளுக்குச் சற்று நேரம் வேண்டியிருக்கும், அவசரப்பட்டுக் கூப்பிடவேண்டா.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டில் இவ்வாண்டு 9 பேர். அடுத்த மாதம் அழைத்துச் செல்கிறேன். பேருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதை எழுதக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.